கீரைக்காரியும் சிப்பாய்க் கலகமும்

1. என் குரல்

"கோமதி மேடம், ஒரு கஸ்டமர் கம்ப்ளெய்ன்ட் சொல்ல போன் பண்ணியிருக்கார். உங்க குரலைக் கேட்டதும், 'ஒண்ணுமில்லீங்க, ராங் நம்பர்'னு வெச்சுட்டாராம். இப்ப நேர்ல வந்து என் எதிர்ல உக்காந்திருக்கார்!"

எங்கள் மானேஜர் இப்படிக் கத்தியது எண்பதுகளின் கடைசியில். அம்பத்தூர் எஸ்டேட்டில் பம்ப் செய்யும் கம்பெனி ஒன்றில் நான் டெலிபோன் ஆபரேட்டர். படிப்பு எஸ்.எஸ்.எல்.சி. கணவர் ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலையில் ஃபிட்டர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம்.

அப்போது போர்டில் விளக்கு எரிந்தால் வயரைச் சொருகி, வந்த போன் காலை உள்ளே இணைத்துவிட வேண்டும். ஒரே நேரத்தில் நாலு விளக்கு எரியும். அதனால் வேகமாக, சுருக்கமாக, எந்த உணர்ச்சியும் இல்லாமல் பேசிப் பழகிவிட்டேன். எனக்கு யார் மேலும் கோபம் கிடையாது. ஆனால் கேட்பவருக்கு அப்படித் தெரியாது.

அக்கவுன்ட்ஸ் செக்‌ஷன் கலாதான் என்னை இழுத்துவிட்டாள். திருநின்றவூரில் பார்வையில்லாத பெண்களுக்கு ஒரு விடுதி இருந்தது. பகலில் நாற்காலிக்கு வயர் பின்னுவார்கள், மீதி நேரத்தில் தபால் வழியில் பி.ஏ. படிப்பார்கள். பாடப்புத்தகத்தைப் படித்துக் காட்ட ஆள் இல்லை.

"நீதான் வேகமாப் பேசுவியே, சட்டுனு முடிச்சிடலாம்" என்றாள் கலா. இப்படித்தான் என் தொண்டு வாழ்க்கை ஆரம்பித்தது.

2. முதல் ஞாயிறு

ஆவடியில் ரயில் ஏறிப் போனேன். ஐந்தாறு பெண்கள் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். வரலாற்றுப் புத்தகத்தைப் பிரித்து மூச்சுவிடாமல் படித்தேன். ஒரு அத்தியாயம் முடித்து நிமிர்ந்தால் யாரும் அசையவில்லை. பாடத்தில் ஒன்றிப்போய்விட்டார்கள் என்று பெருமையாக இருந்தது.

மூலையிலிருந்து ஒருத்தி கேட்டாள். "அக்கா, நீ பட்ச்சியா, இல்ல எங்கள திட்னியா?"

அவள்தான் செல்வி. நூம்பல்காரி. அப்பா முன்பு நூம்பல் வயல்களில் கூலி வேலை பார்த்தவர், இப்போது ஒரு கம்பெனியில் லோடு ஏற்றுகிறார். குடும்பத்திலேயே கல்லூரிப் பாடம் படிக்கும் முதல் ஆள் இவள். யாருக்கும் பயப்படாதவள்.

"திட்டலம்மா, படிச்சேன்."

"அப்போ மூச்சு உட்டு படிக்கா. ராஜா ஒருத்தரு செத்தாருன்னா நாங்க ஒரு நிமிசம் வருத்தப்பட வாணாம்? நீ அதுக்குள்ள அடுத்த ஆளுக்கு முடி சூட்டிகினு கீறே!"

அறை முழுக்கச் சிரிப்பு. எனக்குக் காது சூடாகிவிட்டது. இனி இந்தப் பக்கம் வருவதில்லை என்று முடிவு செய்துதான் ரயில் ஏறினேன். ஆனால் அடுத்த ஞாயிறு கால்கள் தானாக ஸ்டேஷனுக்குப் போயின. ஒரு ராஜா செத்தால் எவ்வளவு நேரம் நிறுத்த வேண்டும் என்று வாரம் முழுக்க மனத்துக்குள் ஒத்திகை பார்த்திருந்தேன்.

3. கேசட்

ஞாயிறு மட்டும் படித்தால் பாடம் முடியாது என்று தெரிந்தது. வீட்டில் டேப் ரெக்கார்டர் இருந்தது. சமையல் நேரத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்துப் பதிவு செய்து கொடுத்தேன். கேட்டுப் பார்த்தால் வெட்கமாக இருந்தது. முகலாய ஆட்சி நடுவே குக்கர் விசில். கிழக்கிந்தியக் கம்பெனி வந்து இறங்கும் இடத்தில் எங்கள் பிளாக்குக்குக் கீரைக்காரி வந்து இறங்கினாள். அவளிடம் நான் பேரம் பேசியதும் அப்படியே இருந்தது.

இரண்டாம் ஆண்டுப் பாடத்தையாவது ஒழுங்காகச் செய்யலாம் என்று, குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு, வேர்வை ஊற்ற ஊற்றப் பதிவு செய்தேன். குண்டூசி விழுந்தால்கூடக் கேட்கும், அவ்வளவு சுத்தம்.

செல்வி கேசட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"இதுல ஊடே இல்லக்கா. ஒரு சத்தம் கெடையாது. ஒண்ணும் மண்டைல நிக்க மாட்டேங்குது."

"சத்தம் இருந்தா எப்படிம்மா படிப்பு நிக்கும்?"

"நீங்கல்லாம் புக்குல பக்கத்த பாத்து ஞாபகம் வெச்சிப்பீங்க. மேல் பக்கம், கீழ் பக்கம்னு. எங்களுக்குப் பக்கம் ஏது? உங்க ஊட்டு விசில்தான் எங்களுக்குப் பக்கம்."

குளியலறையை விட்டு மறுபடி சமையலறைக்கு வந்தேன். இந்த முறை என் கணவரிடமும் விஷயத்தைச் சொன்னேன். வீட்டில் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தைக்கு மேல் பேசாத மனிதர் அவர். பிள்ளைகள் படிப்புக்கு என்றதும் தலையாட்டினார். ரெக்கார்டரை ஓடவிட்டதுதான் தாமதம், மேடை நாடக ராஜா மாதிரி வாசலில் வந்து நின்று முழங்கினார்.

"கோமதீ! எங்கே என் பனியன்?"

பனியனைப் போட்டுக்கொண்டுதான் கேட்டார்.

பிறகு அவரே தினமும் வேலை முடிந்து வந்து, "இன்னிக்கு என்ன சத்தம் வேணும்?" என்று கேட்க ஆரம்பித்தார். பாடத்தையும் உட்கார்ந்து கேட்டார். கல்யாணமாகி அத்தனை வருடத்தில் நாங்கள் சேர்ந்தாற்போல அவ்வளவு நேரம் ஒரே அறையில் பேசிக்கொண்டிருந்தது அப்போதுதான்.

4. பரீட்சை

தேர்வு மையம் வேலப்பன்சாவடிப் பக்கம் ஒரு கல்லூரி. பார்வையில்லாதவர் சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுதலாம். எழுதுபவர் அதிகம் படித்திருக்கக் கூடாது. என் எஸ்.எஸ்.எல்.சி.க்கு வாழ்க்கையில் முதல் தடவையாக மரியாதை கிடைத்தது.

கடைசித் தேர்வு. தனி அறையில் நான், செல்வி, ஒரு சூப்பர்வைசர். சிப்பாய்க் கலகத்தின் காரணங்களைக் கேட்டிருந்தார்கள். அரசியல் காரணம், பொருளாதாரக் காரணம் எல்லாம் மடமடவென்று சொல்லிவந்தவள், உடனடிக் காரணத்தில் நின்றுவிட்டாள். எனக்குப் பதில் தெரியும். தொண்டை வரை வந்துவிட்டது. ஆனால் அவள் சொல்லாத ஒரு எழுத்தைக்கூட நான் எழுதக் கூடாது. பேனாவை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

செல்வி நெற்றியைத் தட்டிக்கொண்டு முணுமுணுத்தாள். "கீரைக்காரி வந்தா... அரக்கீர இல்லன்னா... அண்ணன் பனியன் கேட்டாரு... அப்புறம் இன்னா?"

சூப்பர்வைசர் துள்ளி எழுந்தார். "யாரும்மா அது கீரைக்காரி? கோட் வேர்டா? அந்த அம்மாவுக்கு சிக்னல் குடுக்கறியா?"

விடைத்தாளைப் பிடுங்கிக்கொண்டார். தேர்வு செல்லாது என்றால் அவளுக்கு ஒரு வருடம் போய்விடும். என்னால் போய்விடும்.

"கோடு இல்ல சார், எங்கக்கா ஊட்டுக் கீர!" என்று செல்வி கத்தினாள்.

மையத் தலைவியான பேராசிரியை வந்தார். என் வாழ்க்கையில் நான் மெதுவாக, நிறுத்தி, உணர்ச்சியோடு பேசியது அன்றுதான். குக்கர், கீரை, பனியன் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு செல்வியிடம் கேட்டார்.

"அப்படின்னா, இவங்க வீட்ல மிக்ஸி ஓடும்போது வரலாத்துல என்ன நடந்தது?"

"மிக்ஸி ஓடல மேடம். கரண்ட் பூட்ச்சு. அக்கா மெழுகுவத்தி தேடிக்கினே நிரந்தர நிலவரித் திட்டம் சொல்லிச்சு." அப்படியே அந்தத் திட்டத்தின் குறைகளை வரிசையாக ஒப்பித்தாள்.

பேராசிரியை முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. "பேப்பரைக் குடுங்க சார். போன நேரத்தையும் சேத்துக் குடுங்க."

தாள் கைக்கு வந்த நிமிடம் செல்வி மேசையைத் தட்டினாள். "விசிலு! பனியனுக்கு அப்புறம் விசிலு! எழுதுக்கா, கொழுப்பு தடவுன தோட்டா!"

தேர்வு முடிந்து தாளைக் கட்டும்போது சூப்பர்வைசர் என் அருகில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"ஏம்மா, கடைசியா அந்தப் பனியன் கெடச்சுதா?"

5. ஒரு கால்

செல்வி பி.ஏ. தேறினாள். அதன்பின் எங்கள் போர்டையே தொட்டுப் பார்த்துப் பழகி, முறையாகப் பயிற்சியும் முடித்து, ஒரு வங்கியில் ஆபரேட்டராகச் சேர்ந்தாள். விடுதிக்குப் புதிதாக வருகிற பெண்களுக்காக நான் தொடர்ந்து படித்தேன்.

இளைய தோழிகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சேவைக்குப் போனால் என்ன கிடைக்கும் என்று கேட்பவர்களிடம் சிலர் புண்ணியம் என்பார்கள். அது எனக்குத் தெரியாது. எனக்குக் கிடைத்ததைச் சொல்கிறேன்.

ஒருநாள் காலை போர்டில் விளக்கு எரிந்தது. எடுத்தேன். செல்வி.

"யார்கிட்டம்மா பேசணும்? கலாவுக்குக் குடுக்கட்டா?"

"கலாக்கா இன்னாத்துக்கு? உன்னாண்டதான் பேசணும். சும்மாதான். சாப்டியா?"

அத்தனை வருடமாக அந்த போர்டில் ஆயிரமாயிரம் கால்களை யார் யாருக்கோ இணைத்திருக்கிறேன். எனக்கென்று ஒரு கால் வந்ததே இல்லை என்பது அந்த நொடியில்தான் உறைத்தது.

அடுத்த விளக்கு எரிந்தது. மானேஜருடைய லைன். அது கொஞ்ச நேரம் எரியட்டும் என்று விட்டுவிட்டு, "இன்னும் இல்லம்மா, நீ சாப்டியா?" என்றேன்.