ரேடியேட்டருக்கு ருசி பார்த்த தண்ணீர்

குவைத்தில் நான் லாரி ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றும்போதெல்லாம் யாராவது ஒருவர் வேலையை நிறுத்திவிட்டு என்னையே பார்ப்பார். உள்ளங்கையில் கொஞ்சம் விட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பேன். பிறகுதான் எஞ்சினுக்கு. இங்கே இரண்டு வகைத் தண்ணீர் உண்டு. கடல்நீரைக் காய்ச்சி எடுத்தது குடிக்க. பூமியிலிருந்து எடுத்த உவர்த் தண்ணீர் கழுவ. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். மரக்காணத்துக்காரன் கண்ணை நம்பமாட்டான் என்று நான் பீற்றிக்கொள்ளலாம். ஆனால் ஒரு லாரியைக் காவு கொடுத்த பிறகுதான் எனக்கு இந்தப் புத்தி வந்தது.

எழுபதுகள் பிறந்த சமயம், அக்கா வீட்டுக்காரர் ஏழுமலை மாமாவின் லாரியில் மரக்காணம் உப்பளத்திலிருந்து திண்டிவனத்துக்கு உப்பு ஏற்றிப் போய்க்கொண்டிருந்தேன். அந்த ஒரு வண்டியை நம்பித்தான் இரண்டு குடும்பமும் இருந்தது. கத்திரி வெயிலில் வண்டி கொதித்தால் என்ன செய்யவேண்டும் என்பது எனக்கு அத்துப்படி. நிழலில் நிறுத்தி, சூடு தணியக் காத்திருந்து, ஈரச் சாக்கைப் போட்டு மூடியை மெல்லத் திருகி, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுவேன். அளத்துத் தண்ணீரைத் தொடவே மாட்டேன். எங்கள் தெருக் கிணற்றிலிருந்துதான் டின்னில் எடுத்துப் போவேன். இரண்டு கோடை ஓடியது. மூன்றாவது கோடையில் எவ்வளவு ஊற்றியும் அடங்காமல், ஒரு மதியம் எஞ்சின் ஜாமாகி நின்றுவிட்டது. மெக்கானிக் ரேடியேட்டரைக் கழற்றினார். உள்ளே வெள்ளை வெள்ளையாகப் பொருக்குக் கட்டியிருந்தது.

"இன்னாப்பா ஊத்துனே இதுல?"

"நல்ல தண்ணிதாங்க. நாங்க குடிக்கிற தண்ணி."

அவர் என் டின்னிலிருந்து ஒரு வாய் குடித்துவிட்டுத் துப்பினார். "நீ குடிப்பேப்பா. எஞ்சின் குடிக்காது."

பிறந்ததிலிருந்து குடித்த தண்ணீர் உப்பு என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. மாமா என்னைத் திட்டவில்லை. அவரும் அதே கிணற்றைத்தான் நல்ல தண்ணீர் என்று நினைத்திருந்தார். லாரி கொட்டகைக்குள் போனது. அதை மறுபடி ஓடவைக்கப் பணம் வேண்டித்தான் நான் குவைத்துக்கு வந்தேன்.

வந்த முதல் வாரமே வேலை போகப் பார்த்தது. நடுப்பகல், சைட்டில் வண்டி கொதித்து நிற்கிறது. ஃபோர்மேன் கழுவுகிற தண்ணீர் டிரம்மைக் காட்டினார். ருசி பார்த்துத் துப்பினேன். எனக்குத் தாகம் போலிருக்கிறது என்று நினைத்து அந்த மனிதர் ஓடிப்போய், ஆட்கள் குடிக்க வைத்திருந்த தண்ணீரை வாளியோடு கொண்டுவந்தார். நான் அதையும் ருசி பார்த்தேன். தலையாட்டினேன். ஆறியிருந்த ரேடியேட்டரில் அவ்வளவையும் ஊற்றினேன். அவர் முகம் சிவந்து, சாவியைப் பிடுங்கிக்கொண்டு, போ என்று கையைக் காட்டினார். எனக்கு அரபி தெரியாது. கொட்டகையில் நின்ற மாமாவின் லாரிதான் கண்ணுக்குள் வந்தது. ஃபோர்மேனின் கையைப் பிடித்து இழுத்துப்போய், ஓரமாகக் கிடந்த பழைய ரேடியேட்டரின் பொருக்கைச் சுரண்டி அவர் விரலில் வைத்தேன். நக்கிப் பார்த்தார். பிறகு சாவியை என் கையில் வைத்துவிட்டுச் சிரித்தார். இப்போது புது டிரம் வந்தால் என்னைத்தான் கூப்பிடுகிறார்.

போன லீவில் ஊருக்குப் போனேன். புது எஞ்சின் போட்ட லாரி வாசலில் உறுமிக்கொண்டு நின்றது. பார்க்கவே மனசு நிறைந்தது. மாமா டின்னை நீட்டினார்.

"பாத்து சொல்லுப்பா. நம்ம கெணத்துல தூர் வாரினப்புறம் நல்லாதான் இருக்குது."

நாக்கில் வைத்ததும் கரித்தது. "உப்பு மாமா. ஊத்தாதீங்க," என்றேன்.

உள்ளே போனேன். என் மனைவி அஞ்சலை சொம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அதே கிணறு. மாமாவிடம் நான் சொன்னது அவள் காதில் விழுந்திருக்கும் போல, போகாமல் நின்றாள்.

"ஏங்க, கரிக்குதா?"

"நல்லா இருக்குது," என்று சொல்லி, ஒரு சொட்டு விடாமல் குடித்தேன்.