ஒரு கிராம் கரிக்குள் இருபத்தைந்து சென்ட்

குன்னத்துகாலில் செந்தில்வேலைத் தெரியாதவர்கள் குறைவு. அவர் என்ன வேலை பார்க்கிறார் என்று தெரிந்தவர்கள் அதைவிடக் குறைவு. தேங்காய்ச் சிரட்டைக் கரியைச் சூளையில் ஏற்றி, நீராவி பாய்ச்சி, தண்ணீர் வடிகட்டிகளுக்கு அனுப்பும் கம்பெனியில் அவர் லேப் கெமிஸ்ட். "கரிக் கம்பெனியில சாரு" என்பதோடு ஊர் நிறுத்திக்கொள்ளும். அதற்கு மேலும் கேட்கிற ஆளுக்கென்று அவர் ஒரு விளக்கம் வைத்திருந்தார். அதைச் சொல்லும்போது முகத்தில் ஒரு பெருமை வரும். அந்த விளக்கம்தான் ஒருநாள் வெட்டுகத்தியைப் பிடித்துக்கொண்டு அவர் கதவைத் தட்டியது.

நல்ல கரி என்பது முழுக்க ஓட்டை. கண்ணுக்குத் தெரியாத அந்த ஓட்டைகளின் உள்சுவர்களையெல்லாம் விரித்துப் போட்டால் எவ்வளவு பரப்பு வரும் என்று அளப்பதுதான் அவர் வேலை. அங்கே டேப் பிடிக்க முடியாது. நைட்ரஜன் வாயுவைத்தான் உள்ளே அனுப்ப வேண்டும். கொடுங்குளிரில் அது சுவர்களில் படலமாக ஒட்டிக்கொள்ளும். எவ்வளவு வாயு ஒட்டியது என்று பார்த்து மெஷின் பரப்பைச் சொல்லும். ஒரு கிராமுக்கு ஆயிரம் சதுர மீட்டர் என்றால் ஊரில் யாருக்கு ஏறும்? ஆகவே செந்தில்வேல் சென்ட்டில் சொல்வார். "ஒரு கிராம் கரிக்குள்ள இருபத்தஞ்சு சென்ட் நிலம் கெடக்காக்கும்." எல்லைக் கல்லை நாலு விரல் நகர்த்தியதற்கு நெய்யாற்றின்கரை கோர்ட்டுக்குப் பரம்பரையாக நடக்கிற ஜனங்களுக்கு இது உடனே பிடிபட்டுவிடும்.

அவர் வீட்டிலும் அந்த நடை நடந்தவர்கள் உண்டு. பாட்டன் காலத்தில் சர்க்கார் கணக்குப்பிள்ளை உத்தியோகமும் வயலும் இருந்த குடும்பம். பாகம் பிரித்தபோது அப்பா பூதலிங்கத்துக்கும் சித்தப்பாவுக்கும் மூன்று சென்ட்டில் தகராறு. ஒருநாள் சித்தப்பாவின் மண்வெட்டி அப்பாவின் தோளில் இறங்கியது. எலும்பு வெளியே தெரிந்ததை செந்தில்வேல் பார்த்தார். அன்றிலிருந்து நிலத் தகராறு என்றாலே அவர் எழுந்துபோய்விடுவார். தன் பாகத்தை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, கெமிஸ்ட்ரி படித்து, மனைவி சுஜாவுடன் வாடகை வீட்டில் குடியேறினார். சண்டைக்குப் பயந்த மனிதர் என்று ஊர் சொன்னது. ஊர் சொன்னது சரிதான்.

பொன்னப்பன் குளத்தூரில் டிரம் வைத்துச் சிரட்டை சுட்டுக் கம்பெனிக்குக் கரி தருகிறவர். ஒவ்வொருவர் கரியிலும் கொஞ்சம் எடுத்து, சின்னச் சூளையில் பக்குவப்படுத்தி, செந்தில்வேல் அளந்து பார்த்த பிறகுதான் லாரி உள்ளே வரும். பொன்னப்பனின் கரி எப்போதும் இருபத்தைந்துக்குக் குறைந்ததில்லை. "உங்க கரி தங்கம், பொன்னப்பண்ணே" என்று செந்தில்வேலே சொல்லியிருக்கிறார். பொன்னப்பன் அதைக் கல்யாண வீட்டில்கூடச் சொல்லித் திரிந்தார். எனக்க கரிக்குள்ள இருபத்தஞ்சு சென்ட், உனக்கு வீட்டோட சேர்த்து எத்தற என்று சம்பந்திகளைக் கேட்டார்.

இடவப்பாதி என்கிற ஜூன் மாத மழை பிடித்துக்கொண்ட வாரம் அது. கரி ஈரத்தை உறிஞ்சும் பொருள். அளக்கும் முன் அதைக் கண்ணாடிக் குழாயில் போட்டு, சூடேற்றி, பம்பு வைத்து இழுத்து, ஓட்டைகளில் குடியிருக்கும் ஈரத்தை முழுக்க விரட்ட வேண்டும். ஓட்டைக்குள் ஏற்கெனவே தண்ணீர் உட்கார்ந்திருந்தால் வாயு எங்கே போய் ஒட்டும்? அன்று கரண்ட் போய்ப் போய் வந்தது. சூடு ஏறுவதும் ஆறுவதுமாக இருந்தது. லாரி நிற்கிறது என்று முதலாளி அரவிந்த் இரண்டு தடவை ஆள் அனுப்பினார். காயவில்லை என்று செந்தில்வேலுக்குத் தெரியும். குழாயைக் கையில் பிடித்தபோதே தெரியும். இருந்தும் மெஷினில் மாட்டினார். பதினைந்து சென்ட் என்று வந்தது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனார். இதை என்னவென்று சொல்ல? மனிதன் கெட்டவன் இல்லை. அன்று அவனுக்குச் சலித்திருந்தது, அவ்வளவுதான்.

அரவிந்த் இளரத்தம். பதினைந்து என்றதும் கரியில் கலப்படம் என்று தீர்மானித்துவிட்டார். கேட்டில் லோடிங்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்க, தன் அப்பா வயதுள்ள பொன்னப்பனின் கன்னத்தில் அறைந்தார். "கள்ளன். பத்து சென்ட்டெ முழுங்கியிருக்கான்" என்று மலையாளத்திலும் தமிழிலும் கத்தினார். பொன்னப்பன் கீழே விழுந்த தோர்த்துத் துண்டை எடுத்து உதறிக்கொண்டு போனார்.

மறுநாள் காலை வெட்டுகத்தியோடு வந்தார். கேட்டில் வாட்ச்மேன் வேலாயுதன் மறித்தார். கத்தியைப் பிடுங்கக் கை நீட்டியதில் வேலாயுதனின் இரண்டு விரல்கள் கேட்டுக் கம்பியருகே விழுந்தன. வெட்ட நினைத்து வெட்டியதா, தடுத்ததில் பட்டதா என்று இன்றைக்கும் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். விரல் போனது போனதுதான். பொன்னப்பன் அதே கத்தியால் லேப் கதவில் ஓங்கி வெட்டினார். செந்தில்வேல் கதவைத் திறந்தார். திறக்காவிட்டால் கதவு தாங்காது.

கத்தியின் பக்கவாட்டால் அவர் முகத்தில் ஒரு அடி விழுந்தது. உதடு பிளந்து சட்டையெல்லாம் ரத்தம். பொன்னப்பன் உள்பக்கம் தாழ் போட்டார்.

"எனக்க பத்து சென்ட் எங்கலே?"

"பொன்னப்பண்ணே, கத்தியெ..."

"எங்கேன்னு கேட்டேன். மூணு பொம்பளப்பிள்ளைகளெப் பெத்த என்னெ ஊருக்கு முன்னால கள்ளன்னு விளிச்சாச்சு. இனியும் ஒருக்க அள. நான் பாக்கணும். கொறஞ்சா நான் கள்ளன், எனக்க கழுத்தெ நானே வெட்டுதேன். கொறயல்லெங்கி உனக்க கழுத்து."

செந்தில்வேல் அளக்கத் தொடங்கினார். பீரோவில் மிச்சம் வைத்திருந்த அதே கரியை எடுத்துக் குழாயில் போட்டார். பாதி மேசையில் கொட்டியது. இந்தத் தடவை சூடும் பம்பும் முழுசாக ஓட வேண்டும். பொன்னப்பன் ஸ்டூலை இழுத்துப் போட்டுக் கத்தியை மடியில் வைத்து உட்கார்ந்தார். வெளியே வேலாயுதனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் சத்தம் கேட்டது. பிறகு ஆட்கள் கூடும் சத்தம். போலீஸ் வந்தால் கம்பெனி மேல் ஊர்க்காரர்கள் கொடுத்திருந்த சூளைப் புகைக் கேஸும் தூசி தட்டி எழும் என்று அரவிந்த் போலீஸைக் கூப்பிடவில்லை. லோடிங்காரர்களைக் கூப்பிட்டார்.

மதியம் வரை அந்த அறையில் பம்பு மட்டும் பேசியது. ஒருமுறை பொன்னப்பன் கேட்டார்.

"இப்படி எதுக்கு இத்தற நேரம் காயப் போடுத?"

"ஈரம் போகணும் அண்ணே. ஈரம் கெடந்தா அளவு கொறச்சுக் காட்டும்."

பொன்னப்பன் கொஞ்ச நேரம் குழாயையே பார்த்தார். கரி சுடுகிறவருக்கு ஈரம் என்றால் என்னவென்று தெரியாதா? மெதுவாகத் தலையைத் திருப்பினார்.

"அப்பம் அண்ணைக்கும் இதுபோலக் காயப் போட்டியா சாரே?"

'எலே' போய் மறுபடி 'சாரே' வந்திருந்தது. குரலில் சூடு இல்லை. செந்தில்வேல் அதைக் கவனித்தாரா என்றால், கவனித்தார். ஆனால் கண் மடியில் கிடந்த கத்திக்குப் போயிற்று. அதில் வேலாயுதனின் ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது.

"போட்டேன் அண்ணே" என்றார்.

பொன்னப்பன் மறுபடி குழாய் பக்கம் திரும்பினார். குழாய் ஆறி, எடை பார்த்து, மெஷினில் ஏறி, திரவ நைட்ரஜன் ஃப்ளாஸ்கில் இறங்கி வெள்ளைப் புகை எழும்பியபோது கத்தியை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்துவந்து திரையைப் பார்த்தார். வாயு கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போனது. ஒவ்வொரு தடவையும் திரையில் ஒரு புள்ளி விழுந்தது. கண்ணிமைக்காமல் பார்த்தார்.

அந்த நேரம் பின்கதவு உடைந்தது. முதலில் லோடிங்காரன் அகிலேஷ், அவன் பின்னால் ஆறேழு பேர், எல்லோர் கையிலும் இரும்புக் குழாய். பொன்னப்பன் கத்தி இருந்த பக்கம் திரும்பினார். கை அதன்மேல் படும் முன்பே அகிலேஷின் குழாய் மணிக்கட்டில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் பம்புச் சத்தத்தைத் தாண்டிக் கேட்டது. அடுத்த அடி முழங்காலில். விழுந்தவரைக் காலைப் பிடித்து இழுத்தார்கள். ஒவ்வொரு படியிலும் தலை இடித்துக்கொண்டு போயிற்று.

"விடுங்கடே! அளவு முடியட்டும்!" என்று செந்தில்வேல் கத்தினார்.

"அண்ணே, நீங்க ஒதுங்கிக்கிடுங்க. வேலாயுதனுக்க வெரலு கேட்டுல கெடக்கு" என்றார் வாசலில் வந்து நின்ற அரவிந்த்.

தப்பு என்னுடையது என்று ஒரு வாக்கியம். தொண்டைவரை வந்துவிட்டது. அதைச் சொல்லியிருந்தால் குழாய்கள் நின்றிருக்கும். அவர் சொல்லவில்லை. முற்றத்தில் அடி விழும் சத்தம் கேட்கக் கேட்க, நைட்ரஜன் குறைந்துவிடாமல் பார்க்க ஆள் வேண்டும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு மெஷின் பக்கத்தில் நின்றார். இப்படியும் ஒரு மனிதன் நிற்பானா என்று கேட்கலாம். நின்றான். வெளியே முதலில் அலறல் கேட்டது, பிறகு முனகல், பிறகு அடிக்கிறவர்களின் மூச்சிரைப்பு மட்டும்.

திரையில் எண் வந்தது. ஆயிரத்து முப்பது. அவர் ஓடினார்.

முற்றத்து மழைச் சேற்றில் பொன்னப்பன் கிடந்தார். வலது கால் முழங்காலுக்குக் கீழே வேறு திசையில் மடங்கியிருந்தது. ஒரு கண் வீங்கி மூடிவிட்டது. அகிலேஷ் குழாயை மறுபடி ஓங்கியிருந்தான். செந்தில்வேல் குறுக்கே போய் விழுந்ததில் அந்த அடி அவர் முதுகில் விழுந்தது.

"நிறுத்துலே! நல்ல கரியாக்கும்! நல்ல கரி!"

பொன்னப்பனின் மற்றக் கண் திறந்தது.

"எத்தற?"

"இருபத்தஞ்சரெ."

அகிலேஷின் கை தாழ்ந்தது.

"அப்பம் அண்ணைக்கு?" என்றார் பொன்னப்பன். சொல்லுக்குச் சொல் வாயிலிருந்து ரத்தம் வழிந்தது.

"அண்ணைக்குக் காயல்ல. கரண்ட் போச்சு. தெரிஞ்சேதான் அளந்தேன்."

"அண்ணே, உள்ள போங்க" என்றார் அரவிந்த் அவசரமாக. யாரும் அசையவில்லை. அடித்தவர்கள் தங்கள் கையிலிருந்த குழாய்களைப் பார்த்தார்கள்.

பொன்னப்பன் உடைந்த பல் ஒன்றைத் துப்பினார்.

"நான் கேட்டப்பம் இதெ சொல்லியிருந்தா, கத்தியெ அந்த மேசையிலயே போட்டுட்டு நான் போலீசுக்குப் போயிருப்பேன். வேலாயுதனுக்க வெரலுக்கு ஜெயிலுல கெடந்திருப்பேன். எனக்கு வேண்டியது இந்த ஒரு பேச்சாக்கும்."

ஆட்டோ வந்தது. அகிலேஷும் இன்னொருவனும் அவரைத் தோளில் பிடித்துத் தூக்கினார்கள். உடைந்த கால் தரையில் இழுபட்டது. அதைத் தாங்க செந்தில்வேல் குனிந்து கை நீட்டினார்.

"நீரு தொடாண்டாம்" என்றார் பொன்னப்பன்.