இடப்பக்க வட்டம்

வட்டத்தில் குதிரை நேராகப் போக வேண்டும் என்று பயிற்சியாளர் முதல் நாள் சொன்னபோது நான் ஒப்புக்கொள்ளவில்லை. முப்பத்தொரு வருடம் நூற்பாலையில் தரம் பார்த்தவன் நான். மணிக்கு எத்தனை இழை அறுகிறது என்று எண்ணியே ஓய்வு பெற்றவன். வட்டத்தில் நேர் கிடையாது, வேண்டுமானால் தொடுகோடு உண்டு என்றேன்.

"அதெல்லாம் பள்ளிக்கூடத்துலங்க சார்" என்றார் அந்த அம்மணி. அவருக்கு என் மகள் வயது. "இங்க முன்னங்கால் போன தடத்துலயே பின்னங்கால் போகோணும். பாரம் ரெண்டு தோளுக்கும் சமமா இருக்கோணும். அதைத்தான் நேருன்னு சொல்றோம்."

குதிரை என்னுடையது அல்ல. பொள்ளாச்சி ரோட்டில் தென்னந்தோப்புக்கு நடுவே உள்ள குதிரையேற்றப் பள்ளியின் பழுப்புப் பெட்டை. டாக்டர் என்னை நடக்கச் சொன்னார்; நான் அறுபத்தெட்டு வயதில் குதிரையை நடக்க வைத்தேன். மூன்று வருடமாக அதன் முதுகைத் தவிர வேறு முதுகு எனக்குப் பழக்கமில்லை. அப்படியிருக்க, பள்ளி முதலாளி ஒரு முடிவு எடுத்தார். அடுத்து வரும் டிரெஸ்ஸாஜ் எனும் குதிரை நடைத் தேர்வில் வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று என இரண்டு வட்டத்திலும் பத்துக்குக் குறைந்தது ஐந்து வாங்காத குதிரையை ஊட்டிக்கு அனுப்பிவிடுவார். அங்கே சுற்றுலா வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு ஏரியோரம் நடக்க வேண்டும். என் பெட்டைக்கு ஆடி மாதக் காற்றுக்கே மூக்கு ஒழுகும். தேர்வுக்கு நாற்பத்தேழு நாள் இருந்தது. நான் அன்றிலிருந்து சரியாகத் தூங்கவில்லை.

பயிற்சியாளர் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவார். மற்ற ஆறு நாளும் தோப்பின் பின்புறம் இருந்த காலியிடத்தில் நானே பழகினேன். குதிரைகளைப் பார்த்துக்கொள்பவர் கயிற்றைப் பிடிக்க, நான் சுண்ணாம்பு போட்டு இருபது மீட்டர் அகலத்துக்கு ஒரு வட்டம் வரைந்தேன். குதிரை சிறு ஓட்டத்தில் போகும்போது சேணத்தில் எழுந்து எழுந்து உட்கார வேண்டும். ஒரு சுற்றுக்கு இருபத்தைந்து முறை எழுந்தேன். நாளுக்கு நாற்பது சுற்று. நான்கு வாரத்தில் பெட்டை கோடு போட்டதுபோல் போனது. எனக்கே பெருமையாக இருந்தது.

அதுவரை வலப்பக்கத்தை மட்டுமே பார்த்துவந்த அம்மணி, நான்காம் ஞாயிறு பெரிய மைதானத்தின் நடுவில் நின்றுகொண்டு, "இப்ப இடப்பக்கம் சுத்துங்க சார்" என்றார்.

திருப்பினேன். பெட்டை கழுத்தை வெளியே நீட்டி, தென்னை மரங்களை வேடிக்கை பார்த்தபடி, இடது தோளை உள்ளே சாய்த்துக்கொண்டு போனது. முதல் சுற்று இருபத்தைந்து. அடுத்தது இருபத்தொன்று. அதற்கடுத்தது பதினாறு. வட்டம் சுருங்கிக்கொண்டே வந்து, கடைசியில் நானும் குதிரையும் அம்மணியின் காலடியில் வந்து நின்றோம்.

"வாங்க சார், உக்காருங்க. காப்பி சாப்பிடறீங்களா?" என்றவர், பிறகு கேட்டார்: "தெனமும் எந்தப் பக்கம் சுத்தறீங்க?"

"வலப்பக்கம்."

"இடப்பக்கம்?"

"எப்படிங்க சுத்தறது? நடுவுல பிள்ளையார் இருக்காரே."

அந்தக் காலியிடத்தின் நடுவே வேப்பமரமும் அதனடியில் ஒரு பிள்ளையாரும் உண்டு. மரம் மையமாக அமைந்ததால் கயிறு கட்ட வசதியாக இருந்தது. குதிரைக்காரரும் எனக்குத் துணை நின்றார். "இடஞ்சுத்தறது எழவுக்குத்தானுங்க அம்மணி. நாந்தான் வேண்டாம்னு சொன்னேன்."

அம்மணி எங்களைத் திட்டுவார் என்று பார்த்தேன். அவரும் இந்த ஊர்க்காரர்தான். செருப்பால் மண்ணைக் கிளறினார். "நானும் சுத்தச் சொல்ல மாட்டனுங்க" என்றார் கடைசியில்.

இருபத்துநான்கு நாள் பயிற்சியில் தொள்ளாயிரத்து அறுபது சுற்று, அத்தனையும் ஒரே பக்கம். வீட்டில் இதைச் சொல்லிப் புலம்பினேன். என் மனைவி தோசையைத் திருப்பிப் போட்டார்.

"ஏனுங்க, வட்டத்தைக் கொஞ்சம் தள்ளிப் போட்டா ஆகாதுங்களா? பிள்ளையார் வெளிய இருந்துட்டுப் போறாரு."

கணக்கில் பட்டம் வாங்கியவன் நான். அன்று ஐந்து தோசை சாப்பிட வேண்டியவன் மூன்றோடு எழுந்துவிட்டேன்.

வட்டத்தைப் பதினைந்து மீட்டர் தள்ளினோம். மீதி நாட்கள் முழுவதும் இடப்பக்கம். கோட்டின் மேல் நான்கு இடத்தில் காலி பெயிண்ட் வாளிகளை வைத்தேன். ஒரு வாளியிலிருந்து அடுத்த வாளிக்குள் ஆறு முறை எழ வேண்டும். அவசரம் கருதி அம்மணி இப்போது தினமும் வந்தார்.

"எண்ணாதீங்க சார்."

"எண்ணலீங்க."

"உதடு அசையுதுங்க. எண்ணறப்பத் தலை குனியுது, நீங்க உள்ள சாயறீங்க, குதிரையும் கூடவே சாயுது. அது பாவம் உங்களை ஏந்திப் பிடிக்கப் பாக்குது. வெளிப்பக்கக் கடிவாளத்தைத் தளர விடாதீங்க. உள்கால்ல லேசா வெளிய தள்ளுங்க. அடுத்த வாளியைப் பாருங்க."

வாளியைப் பார்த்தேன். எண்ணாமல் இருக்க முடியவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்தே எண்ணப் பழகினேன். பெட்டையின் கழுத்து மெல்ல உள்ளே வளைந்தது. ஒரு காலையில் அதன் இரு தோளும் என் இரு முழங்காலுக்கும் ஒரே அளவில் வந்து பட்டன. அன்றைக்கு எண்ணிக்கை விட்டுப்போனது.

தேர்வன்று முதலாளியே மேசை போட்டு மதிப்பெண் போட்டார். இடப்பக்க வட்டம் முதலில். வாளி இல்லாத இடத்திலும் வாளியைப் பார்த்துக்கொண்டு போனேன். கோடு மாறவில்லை. வலப்பக்கம் திருப்பியதும் பெட்டை தடுமாறியது. பத்தொன்பது நாளாக நான் அந்தப் பக்கத்தைத் தொடவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. தோள் வெளியே நழுவ, பிடித்து, மறுபடி நழுவ, எப்படியோ வட்டத்தை மூடினோம்.

"இடது ஆறு" என்றார் முதலாளி. தாளைப் பார்த்தார். அம்மணியைப் பார்த்தார். "வலந்தான் பிரமாதமாப் போகும்னு சொன்னீங்க?"

அம்மணி என்னைப் பார்த்தார். நான் குதிரையின் இரு காதுகளுக்கு நடுவே பார்த்தேன்.

"அஞ்சு" என்று எழுதினார் முதலாளி. "ஊட்டி லாரிக்காரர்கிட்ட இது வேண்டாம்னு சொல்லிப்போடுங்க."

பெட்டையின் கழுத்தைத் தட்டிக் கொடுத்தேன். பெட்டை பெருமூச்சு விட்டு, தலையைத் தொங்கப் போட்டது.

"எறங்குங்க சார், அடுத்தவங்க காத்திருக்காங்க" என்றார் அம்மணி.

"இன்னும் ரெண்டு நிமிசமுங்க" என்றேன்.