சேவல் பறக்குமா?

அந்த வருடம் திண்டுக்கல்லில் எங்கள் தெருப் பிள்ளைகள் அத்தனை பேரிடமும் மிருகக் கார்டுகள் இருந்தன. கார்டின் நடுவில் ஒரு பயங்கர மிருகம், மூலையில் அதன் பலம், கீழே பொடி எழுத்தில் இங்கிலீஷில் அதன் சக்தி. எனக்கும் பெரியப்பா மகனான அண்ணனுக்கும் இங்கிலீஷ் ஏபிசிடியோடு சரி. அதனால் எந்த மிருகத்துக்கு என்ன சக்தி என்பதை யாருக்குக் குரல் பெரிதோ அவர்கள் சொல்வார்கள். பெரும்பாலும் அண்ணன்தான் சொன்னான்.

ஒரு விதி மட்டும் இருவருக்கும் சம்மதம். பறக்கிற மிருகம் அடிக்க வந்தால், பறக்கிற மிருகத்தால்தான் தடுக்க முடியும். தோற்றவர் தன்னிடம் இருப்பதிலேயே நல்ல கார்டைக் கொடுத்துவிட வேண்டும். ஒரு நாள் அண்ணன் நெருப்புக் கழுகை இறக்கினான். நான் உயிராக வைத்திருந்த பாம்புவால் சேவலை எதிரே வைத்தேன்.

"சேவலெல்லாம் பறக்காதுடி. குடு இங்க."

"றெக்கை இருக்குல்ல? கண்ணு தெரியலையா?"

கைகலப்பானதும் அத்தையிடம் போனோம். அத்தை அப்பாவின் தங்கை. கல்லூரியில் இங்கிலீஷ் எம்.ஏ. முதல் வருடம். படித்தது போதும் என்று பெரியப்பா மாப்பிள்ளை பார்த்துவிட்டார். வெள்ளிக்கிழமை நிச்சயம். அதற்கு முன்பு குலதெய்வத்துக்கு அறுப்பதாக நேர்ந்துவிட்ட சேவல் ஒன்று கொல்லையில் காலில் கயிறோடு நின்றது.

அத்தை கார்டை இரண்டு தரம் படித்தாள். 'இது பறக்காது; ஆனாலும் பறப்பவற்றைத் தடுக்கும்' என்று அதில் தெள்ளத்தெளிவாக எழுதியிருந்தது. எட்டாம் வகுப்பில் நானே எழுத்துக்கூட்டிப் படித்துத் தெரிந்துகொண்டேன். அன்று எம்.ஏ. படிக்கும் அத்தை சொன்னது வேறு.

"ஒண்ணும் தெளிவா இல்லையே. நெசச் சேவல் பறக்குதான்னு பாத்துருவோமா?"

இப்படியொரு நேர்மையான நடுவரை நான் கண்டதில்லை. கயிற்றை அவளே அவிழ்த்தாள். மொட்டை மாடிக்கு அவளே தூக்கி வந்து, கைப்பிடிச் சுவரில் நிறுத்தி, "ம், தள்ளு" என்றாள். தள்ளினேன். சேவல் படபடவென்று தெருவின் மேலே பறந்து, நிலக்கோட்டைக்குப் புறப்பட்ட பூ வேனின் மீது மூட்டைகளுக்கு நடுவே இறங்கியது. "அண்ணே, வண்டிய நிறுத்துங்கண்ணே!" என்று நானும் அண்ணனும் முக்கு வரை ஓடினோம். சேவல் எங்களைப் பார்த்து ஒரு தரம் கூவிவிட்டுப் போய்விட்டது.

அண்ணன் பேச்சு மாறாமல் கழுகைக் கொடுத்தான். அதை வாங்கி முடிப்பதற்குள் பெரியப்பா என் முதுகில் நாலு வைத்தார். பிறகு தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"சாமிக்கு விட்ட சேவலே ஓடிருச்சு. சாமிக்கே இஷ்டமில்லாத எடத்துல எப்புடிப் பொண்ணக் குடுக்குறது?"

நிச்சயம் நின்றது. வந்தவர்கள் எல்லோரும் அத்தையைப் பாவம் என்றார்கள். அவள் முந்தானையால் வாயைப் பொத்தி, தோள் குலுங்க அடுப்படிக்குள் போனாள். எனக்குத் தாங்கவில்லை.

திங்கட்கிழமை கல்லூரிக்குப் போன அத்தை, திரும்பும்போது எனக்கு மூன்று பாக்கெட் புதுக் கார்டு வாங்கி வந்தாள். கல்யாணத்தையே கெடுத்த என் மேல் இம்புட்டுப் பாசமா என்று எனக்கு அழுகை பீறிட்டது. அவள் கையைப் பிடித்துச் சத்தியம் செய்தேன்.

"அடுத்த மாப்பிள்ளைக்குச் சேவல் வாங்குனா, ராவும் பகலும் நானே காவலுக்கு நிக்கிறேன் அத்தை!"

அத்தை மூன்றில் ஒரு பாக்கெட்டைத் திரும்பப் பிடுங்கிக்கொண்டாள். நான் என்ன தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று எனக்கு வெகுநாள் புரியவில்லை.