புதினாவுக்குள் எர்த் கம்பி

“…துபாய்ல வேற மண்ணே இல்லியாங்க, என் புதினாவுலதான் கம்பிய அடிக்கணுமா?” என்று உம்மா கேட்டது, ஏசி தண்ணீர் சொட்டி நனைந்த மணல்வாசம் எங்கே வந்தாலும் இன்றும் என் காதில் விழுகிறது.

துபாயில் சத்வா பகுதியில் இருந்த எங்கள் வீட்டு மொட்டைமாடியில் டிவி ஆன்டெனா நெடுநெடுவென்று நிற்க, கடல் பக்கம் அபூர்வமாய்க் கருமேகம் திரள, பிள்ளைகள் நாங்கள் “மழை, மழை!” என்று குதித்துக்கொண்டிருந்தோம். ஆன்டெனாவில் இடி விழுந்தால் அது வீட்டுக்குள் வராமல் மண்ணுக்குள் போகச் செம்புக் கம்பி வேண்டும், காய்ந்த மணல் இடியை வாங்காது, ஈரம் இருப்பது ஏசிக்குக் கீழே உம்மாவின் புதினாவில் மட்டும்தான் என்று வாப்பா சுத்தியலும் கையுமாய்க் கெஞ்சினார்.

“புதினாவக் கடையில வாங்கிக்கலாம் புள்ள, வீட்ட எங்க போய் வாங்குறது?”

தூரத்தில் இடி உருண்டது. உம்மா சட்டென்று உட்கார்ந்து, புதினாவை வேரோடு பிடுங்கி முந்தானையில் போட்டுக்கொண்டு, கம்பியை இரண்டு கையாலும் நேராகப் பிடித்தாள்.