சந்தனப் பொட்டு வைத்த ஓவன்

ஆயுத பூஜை விடுமுறை முடிந்து உத்தமபாளையத்திலிருந்து முதல் பஸ்ஸில் தேனிக்கு வந்து, கல்லூரி ஆய்வகத்தைத் திறந்தேன். வேக்குவம் ஓவன் அணைந்திருந்தது. கதவில் சந்தனம், குங்குமம். கைப்பிடியில் மாவிலை.

உள்ளே இருந்தது என் கடைசி சாம்பிள். துத்தநாகத்தையும் ஒரு கரிம அமிலத்தையும் கோத்து வளர்த்த படிகப் பொடி. ஒரு சிட்டிகைக்குள் கண்ணுக்குத் தெரியாத கோடி அறைகள். அவற்றில் மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கலாம் என்பதுதான் என் ஆய்வு. அறைகளில் தங்கிய கரைப்பான் வெளியேற, பொடி அந்த ஓவனுக்குள் காற்றில்லாமல் மூன்று நாள் சூட்டில் இருக்க வேண்டும். இடையில் ஈரக்காற்று பட்டால் படிகம் இடிந்துவிடும்; மறுபடி வளர்க்க மாதக்கணக்கில் ஆகும். வெளியே நான்கு நாளாக மழை.

மறுநாள் மதுரையில் பொடியை அளவெடுத்து, மாதக் கடைசிக்குள் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும். ஏற்கெனவே இரண்டு முறை நீட்டிப்பு வாங்கியாகிவிட்டது, இனி கிடையாது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போவது எனக்கு வழக்கம்தான்.

திறக்க வேண்டாம் என்று நான் எழுதி ஒட்டிய தாள் அப்படியே இருந்தது. அதன் நடுவிலும் ஒரு பொட்டு. ஆங்கிலத்தில் எழுதியிருந்தேன். ஆய்வகத்தைப் பெருக்கித் துடைக்கும் பழனிசெட்டிபட்டி அக்காவோடு ஆறு வருடமாகத் தமிழில்தான் பேசுகிறேன். படித்த முட்டாள் என்று இதைத்தான் சொல்வார்கள்.

அக்கா எனக்கென்று எடுத்துவைத்த பொரிப் பொட்டலத்தோடு வந்தார். ஓவனை நீங்களா திறந்தீர்கள் என்று கேட்டேன்.

"ஆமா தாயி. வருசம் பூரா வெந்துக்கிட்டே கெடக்கு, பூசையன்னைக்காவது அதுக்கு ஓய்வு வேணாமா? தொறந்தேன், புஸ்ஸுன்னு மூச்சு விட்டுச்சு. உள்ளயும் ஈரத்துணி வச்சுத் தொடச்சிட்டேன்."

கோபம் வரவில்லை. கோபப்படவும் தெம்பு வேண்டுமே. பொடி பழையபடி வெள்ளையாகவே இருந்தது. இடிந்தது வெளியே தெரியாது.

என் வழிகாட்டிப் பேராசிரியரிடம் போய், நானே அவசரப்பட்டுத் திறந்துவிட்டேன் என்றேன். அக்கா தினக்கூலிக்கு வருபவர்; உண்மையைச் சொன்னால் அவருக்கு வேலை போய்விடும். பேராசிரியர் மதுரைக்குப் போன் செய்து நாளைக்கு வரவில்லை என்று சொல்லிவிடச் சொன்னார். ஆறு வருடம் ஒரு போனில் முடிந்தது.

வராந்தாவில் உட்கார்ந்து பொரியைத் தின்றேன். தின்னும்போதே அழுகை வந்துவிட்டது. அக்கா துடைப்பத்தைச் சாத்திவிட்டு அருகில் வந்தார்.

"சார் எதுவும் வஞ்சாகளா?"

"இல்லக்கா. காலைல சாப்பிடல, அதான்."

அக்கா தன் பங்குப் பொரியையும் என் மடியில் கொட்டினார்.