தீர்த்தகிரி போட்ட ஈரச் சாக்கு

எண்பத்தேழில் ஓசூரில் ஒரு விதைக் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் தீர்த்தகிரி அட்டெண்டராக இருந்தார். சூளகிரிப் பக்கம் கேழ்வரகு போடுகிற குடும்பம். வாடுகிற பயிரைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க அவரால் ஆகாது. அந்த நல்ல மனசுதான் வினையாகப் போச்சு.

அங்கே கிருபாராணி என்ற பெண் ஆராய்ச்சி செய்தாள். கேழ்வரகு இலையின் பசுங்கணிகத்துக்குள் எந்த நொதியில் பாஸ்பேட் ஒட்டுகிறது என்று கண்டுபிடிக்கணும். கதிர்வீச்சுள்ள பாஸ்பரஸ் கலந்த தண்ணீரில் இலைகளை நிறுத்தி, ஒரு கண்ணாடிப் பெட்டியை விளக்குக்கடியிலும் இன்னொன்றை இருட்டிலும் வைப்பாள். பிறகு இலையை அரைத்து, நொதிகளைப் பிரித்து, எக்ஸ்ரே பிலிமில் பதிப்பாள். பாஸ்பேட் ஒட்டிய இடத்தில் கறுப்புக் கோடு விழும். அவள் தேடிய நொதி இருட்டில்தான் கோடு போடணும். ஆனால் செய்து பார்த்த இரண்டு தடவையும் இரண்டு இலையிலும் கறுப்பு!

"மூணாவது தடவையும் இப்படின்னா ப்ராஜெக்ட்டை மூடிடலாம்" என்றார் மேலதிகாரி. ப்ராஜெக்ட் போனால் அவள் வேலையும் போச்சு.

மூன்றாவது தடவை இலைகளை வைக்கும்போதே அவள் கண் கலங்கியது. "வெளிச்சம் பட்டா கோடு மறையணும் அண்ணா. ஏன் மறையலேன்னே தெரியல."

தீர்த்தகிரி விளக்கை அண்ணாந்து பார்த்தார். "வெளிச்சத்துக்கா மேடம் அந்த விளக்கு? இலை சூட்டுல வாடுதேன்னு, நீங்க சாப்பிடப் போனதும் பெட்டி மேல ஈரச் சாக்கைப் போட்டு மூடிட்டேன். நீங்க வர்றதுக்குள்ள எடுத்துடுவேன். ரெண்டு தடவையும்!"

கிருபாராணி வாயைப் பிளந்தாள். அப்புறம் சிரித்தாள் பாருங்கள், கண்ணீர் வழிய வழிய. "அட அண்ணா! நான் என் கணக்கே தப்புன்னு செத்துக்கிட்டிருந்தேன்!"

அன்று அவள் சாப்பிடவே போகவில்லை. நாலாம் நாள் பிலிமைக் கழுவிக்கொண்டு வந்தாள். இருட்டு இலைக்குக் கோடு, வெளிச்சத்து இலைக்கு வெறும் பிலிம். அப்பாடா!

மேலதிகாரி பிலிமைத் தூக்கிப் பார்த்தார். "ப்ராஜெக்ட் தொடரட்டும். சரி, முன்னாடி யார் தப்பு?"

தீர்த்தகிரி ஓரடி முன்னால் வந்தார்.

"என் தப்புதான் சார்" என்றாள் கிருபாராணி. "விளக்கு எதுக்குன்னு அண்ணாகிட்ட நான் சொல்லவே இல்ல."

அதிகாரி போனதும் தீர்த்தகிரி மூக்கை உறிஞ்சிக்கொண்டு பக்கத்தில் வந்தார். அங்கே சேர்ந்து மூன்று வருஷத்தில், ஆராய்ச்சியைக் காட்டச் சொல்லி அவர் வாய்விட்டுக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"மேடம், அந்தக் கோடு எதும்மா? எனக்கும் காட்டுங்க."